காதால் ஊர் பார்த்தவர்

குழந்தைகளே! நாளைக் காலையில் விழிப்பு வந்ததும் உடனே கண்ணைத் திறந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்துக் கொண்டு உங்கள் தெருவைக் காதால் கேளுங்கள். பால்காரரின் மணி, கீரைக்காரம்மாவின் குரல், வாசல் தெளிக்கும் சத்தம், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, யார் வீட்டிலோ மிக்சி ஓடும் ஓசை... எத்தனை சத்தங்கள்! இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். "இதையெல்லாம் போய் யாராவது எழுதுவாங்களா சார்?" என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். வகுப்பே சிரித்தது.

எழுதிய ஒருவர் இருந்தார். அதுவும் தன் சொந்த ஊரைப் பற்றி அல்ல. மூன்று அயல் ஊர்களைப் பற்றி! அவர் பெயர் லாஃப்காடியோ ஹெர்ன். ஊர் ஊராகப் போய் அந்த ஊரைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதுவதுதான் அவர் பிழைப்பு. ஆனால் மூன்று நாள் தங்கிப் படம் பிடித்துக் கொண்டு திரும்புகிற சுற்றுலாப் பயணி அல்ல அவர். போன ஊரில் வாடகைக்கு வீடு பிடிப்பார். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவார். ஆண்டுக்கணக்கில் இருப்பார். பிறகுதான் புத்தகம் வரும்.

அட்லஸ் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். நிறையப் பக்கம் புரட்ட வேண்டியிருக்கும்.

முதலில் கிரேக்க நாட்டுக்கு மேற்கே உள்ள லெஃப்காடா தீவைத் தேடுங்கள். 1850-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி ஹெர்ன் அங்கே பிறந்தார். லாஃப்காடியோ என்ற பெயரே அந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். அம்மா கிரேக்கர். அப்பா அயர்லாந்துக்காரர், ஆங்கிலேயப் படையில் மருத்துவர். இரண்டு வயதில் குழந்தையை அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கொண்டு போனார்கள். அந்தக் குளிரும் அந்த மொழியும் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. மகனுக்கு நான்கு வயதானபோது அவர் கிரேக்க நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். அதன்பின் தாயும் மகனும் சந்திக்கவே இல்லை. வசதியுள்ள ஒரு பாட்டிதான் வளர்த்தார்.

பதினாறு வயதில் பள்ளி விளையாட்டுத் திடலில் ஒரு விபத்து. இடது கண் பார்வை அடியோடு போயிற்று. மற்றக் கண்ணும் கிட்டப்பார்வை. காகிதத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார். அவருடைய புகைப்படங்களைப் பார்த்தால், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கொண்டோ, தலையைக் குனிந்து கொண்டோ இருப்பார். கெட்டுப்போன கண் படத்தில் விழக் கூடாது என்ற கூச்சம்.

கண் போனாலும் காது இருந்ததே! அந்தக் காதுதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

பாட்டியின் சொத்து கரைந்தது. 19 வயதில் கையில் காசில்லாமல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வந்து நின்றார். இரக்கமுள்ள அச்சகக்காரர் ஒருவர் இடம் கொடுக்க, அச்சகத்தில் வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகளின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். பிறகு பத்திரிகை நிருபர் ஆனார். 1877-இல் தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகருக்குப் போனார். அமெரிக்கப் படத்தில் மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். அதுதான்.

அந்த ஊரின் சமையல் ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், ஸ்பெயின்காரர்களும் ஆண்ட ஊர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் வாழ்ந்த ஊர். செவ்விந்தியர் என்று நம் பழைய பாடப் புத்தகங்கள் சொன்ன அமெரிக்கப் பூர்வகுடிகளும் அங்கே உண்டு. இத்தனை பேரின் கைப்பக்குவமும் ஒரே பானைக்குள் போய் விழுந்தது. அந்தப் பானையில் கொதிக்கிற குழம்புக்கு 'கம்போ' என்று பெயர். அதன் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? நீங்கள் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைப்பீர்களே, அந்த வெண்டைக்காய்! ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயர்தான் 'கம்போ' ஆயிற்று. வெண்டைக்காயின் வழவழப்பு அந்தக் குழம்பைக் கெட்டியாக்கும். வெண்டைக்காய் கிடைக்காத காலத்தில், பூர்வகுடி மக்கள் சந்தைக்குக் கொண்டு வரும் ஒருவகை மர இலைப் பொடியைத் தூவிக் கெட்டியாக்குவார்கள். தாளிப்பதற்குப் பதில் மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்துச் சேர்ப்பது பிரெஞ்சு வழக்கம். சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

ஹெர்ன் அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையே வைத்தார். 1879-ஆம் ஆண்டு. எந்தப் பதார்த்தமானாலும் ஐந்து சென்ட். கடைக்கு அவர் வைத்த பெயர் 'கஷ்ட காலம்'! யாராவது கடைக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா? ஒரு மாதம்கூட ஓடவில்லை. கூட்டுச் சேர்ந்தவர் இருந்த பணத்தை எடுத்துக் கொண்டு காணாமல் போய்விட்டார். பெயர் பலித்துவிட்டது.

கடை போனாலும் நாக்கு போகவில்லை. அந்த ஊர் வீட்டுப் பெண்களிடமும் சமையல்காரர்களிடமும் சேகரித்த பக்குவங்களைத் தொகுத்து 1885-இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் தம் பெயரைக்கூடப் போட்டுக் கொள்ளவில்லை. நியூ ஆர்லியன்ஸ் சமையலைப் பற்றி வெளிவந்த முதல் புத்தகங்களில் அது ஒன்று. அதே ஆண்டில் இன்னொரு புத்தகமும் வந்தது. அது 352 பழமொழிகளின் தொகுப்பு. கறுப்பின மக்கள் பேசிய கலப்பு மொழிகளில் வழங்கியவை. அந்தப் பேச்சைப் படித்தவர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கிய காலம் அது. ஹெர்ன் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர், பல கீரைகளைப் போட்டுச் செய்யும் ஒரு கம்போவின் பெயர். பழமொழிப் புத்தகத்துக்குக் கீரைக் குழம்பின் பெயர்! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அந்த ஊரின் விடியற்காலைக் குரல்களைப் பற்றியும் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். எலுமிச்சை விற்பவர், அத்திப்பழம் விற்பவர், அடுப்புக்கரி விற்பவர் என்று ஒவ்வொருவரும் எப்படி இழுத்து, எந்த இடத்தில் நிறுத்திக் கூவுவார்கள் என்பதைக் காதில் விழுந்தபடியே எழுத்தாக்கினார். ஆள் முகம் தெரியாது, குரல் தெரியும்.

இப்போது அட்லஸில் கரீபியன் கடலுக்கு வாருங்கள். வில் வளைவாகச் சின்னச் சின்னத் தீவுகள் வரிசையாகத் தெரியும். அதில் மார்ட்டினிக் ஒன்று. பிரான்சுக்குச் சொந்தமான தீவு. 1887-இல் அங்கே போன ஹெர்ன், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செயின்ட் பியேர் என்ற ஊரில் வாழ்ந்தார். மஞ்சள் சுவர்களும் சிவப்பு ஓடுகளும் உள்ள மலையடிவாரத் துறைமுகம். தெருவெல்லாம் வாய்க்கால் ஓடும். பின்னால் பெலே என்ற எரிமலை. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் மலை.

அவருக்குச் சமைத்துப் போட்ட பெண்மணியைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். மரவள்ளிக் கிழங்கு மாவு, உப்புப் போட்டுக் காயவைத்த மீன் என்று அந்த ஏழை ஜனங்களின் சாப்பாடு பூராவும் அதில் இருக்கிறது. நாம் கருவாடு என்கிறோமே, அந்த மாதிரி. பெரிய ஓட்டல் விருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. சமைப்பவர் பெயரைச் சொல்லி எழுதுகிறவர் குறைவு.

அந்தத் தீவில் சுமை தூக்கும் பெண்களைப் பற்றி அவர் எழுதியதை நான் பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். அப்போது மலைப்பாதையில் சரக்குக் கொண்டு போனவர்கள் பெண்கள். தலையில் 120 ராத்தல், அதாவது 54 கிலோ சுமை. செருப்பில்லாத கால். விடியும் முன் கிளம்பி நாள் முழுக்க நடப்பார்கள். அந்தச் சுமையைத் தாமாக ஏற்றவும் முடியாது, தாமாக இறக்கவும் முடியாது. யாராவது கைகொடுக்க வேண்டும். வழியில் அவர்கள் நின்றால், பெரிய பணக்காரராக இருந்தாலும் வந்து கைகொடுத்து இறக்கிவிடுவது அந்தத் தீவின் மரியாதை என்று எழுதுகிறார் ஹெர்ன். நம் ஊர்ப் பக்கம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கல்லுக்குப் பதில் மனிதர்கள்.

தெருவில் விற்பவர்கள் 'யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டும்' என்று கேட்டுப் பொருளின் பெயரைச் சொல்வார்களாம். ரொட்டி, நத்தை, பொடி மீன், மூலிகை என்று அந்தக் குரல்களையும் ஒன்றுவிடாமல் குறித்துக் கொண்டார்.

மார்ட்டினிக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நம்மவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் சுமார் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பேச்சு மறந்து போயிற்று. ஆனால் மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு சேர்த்து அரைக்கும் மசாலா மறக்கவில்லை! 'கொலம்போ' என்ற பெயரில் அந்தத் தீவின் எல்லா மக்களும் இன்று சமைக்கும் குழம்பு அதுதான்.

1902-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி காலை எட்டு மணி வாக்கில் பெலே மலை வெடித்தது. நெருப்புப் புகை மலைச்சரிவில் இறங்கி ஊருக்குள் புகுந்தது. சில நிமிடங்களில் சுமார் 28,000 பேர் மாண்டு போனார்கள். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர், தடித்த சுவருள்ள சிறை அறையில் அடைபட்டுக் கிடந்த கைதி! வாய்க்கால் ஓடிய தெருக்கள் இல்லை. விடியலில் கூவிய குரல்கள் இல்லை. அந்த ஊர் எப்படிச் சாப்பிட்டது, எப்படிப் பேசியது என்று தெரிந்து கொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் ஹெர்னின் புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள். அற்பம் என்று யாரும் எழுதாமல் விட்டதை அவர் எழுதி வைத்திருந்தார்.

அந்தச் செய்தியை ஹெர்ன் கேள்விப்பட்டபோது அவர் உலகத்தின் மறுகோடியில் இருந்தார். ஜப்பானில்.

1890 ஏப்ரலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவதற்காக அவர் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். கூட வந்த ஓவியருக்குத் தம்மைவிட அதிகச் சம்பளம் என்று தெரிந்ததும் கோபித்துக் கொண்டு அந்த வேலையையே உதறிவிட்டார். முன்கோபக்காரர்தான், சந்தேகமில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? மாட்சுயே என்ற சிற்றூரில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. நடுநிலைப் பள்ளியிலும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் பாடம் நடத்தினார். (ஆசிரியப் பயிற்சிப் பள்ளி என்றதும் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம்!)

மாட்சுயே, ஜப்பானின் மேற்குக் கடற்கரைப் பக்கம், ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றிய அவருடைய கட்டுரை எதில் தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? கோட்டையிலா? ஏரியிலா? இல்லை. படுக்கையில்! விடியற்காலையில் நெல் குத்தும் பெரிய உலக்கையின் சத்தம் தலையணை வழியாக நெஞ்சுத் துடிப்பு மாதிரிக் கேட்பதில் தொடங்குகிறது. அடுத்தது கோயில் மணி. அதற்கு அடுத்தது தெரு வியாபாரிகள். முள்ளங்கி விற்பவர், நூல்கோலைப் போன்ற ஒரு கிழங்கு விற்பவர், அடுப்புப் பற்றவைக்கச் சிறாய் விற்கும் பெண்கள். எழுந்து சன்னலைத் திறந்தால், ஆற்றோரம் ஜனங்கள் முகம் கழுவி, சூரியனைப் பார்த்து நான்கு முறை கை தட்டிக் கும்பிடும் ஓசை. முதலில் காது, பிறகுதான் கண்.

சாப்பாடு? தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குட்டை மேசையில், இரண்டு குச்சிகளால் எடுத்து. 'ஜப்பானியர் சாப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் சாப்பிட மாட்டேன்' என்று வீம்பாக இருந்தார் ஹெர்ன். பத்து மாதம்! பிறகு உடம்பு படுத்துக் கொண்டது. முட்டை சேர்த்துப் பார்த்தார்; தேறவில்லை. கடைசியில் மாட்டிறைச்சியும் கோழியும் வறுவலுமாக இரண்டு நாள் வெளுத்துக் கட்டியபின்தான் எழுந்து நடமாடினார். இதை அவரே டோக்கியோவில் இருந்த பேராசிரியர் சேம்பர்லின் என்ற நண்பருக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார். ஊர் சுற்றி எழுதுகிறவர்கள் பலர், 'எங்கே போனாலும் எல்லாம் எனக்குப் பிடித்தது, எல்லாம் எனக்கு ஒத்துக்கொண்டது' என்றுதான் எழுதுவார்கள். அவர்களைவிட இவரை நான் அதிகம் நம்புவதற்கு இந்தக் கடிதம் ஒரு காரணம். மனசு போகிற வேகத்துக்கு வயிறு போகாது. பிறந்ததிலிருந்து பழகிய சாப்பாடு வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும்.

மாட்சுயேயில்தான் கொய்சுமி செட்சு என்ற பெண் அவர் வாழ்க்கைக்குள் வந்தார். சாமுராய் என்னும் போர்வீரர் குலம். ஜப்பானில் ஆட்சி முறை மாறியதும் அந்தக் குலத்தார் வருமானம் இழந்து ஏழைகளானார்கள். செட்சுவின் படிப்பு 11 வயதோடு நின்றது. படிக்க ஆசைப்பட்டு அழுத சிறுமியைத் தறியில் உட்கார வைத்துவிட்டது வறுமை. துணி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் சின்ன வயதிலிருந்தே கதை என்றால் உயிர்.

இவருக்கு அவர் மொழி சரியாக வராது. அவருக்கு இவர் மொழி வராது. இருவருமாகச் சேர்ந்து இலக்கணமே இல்லாத ஒரு வீட்டு மொழியை உண்டாக்கிக் கொண்டார்கள். உடைந்த ஜப்பானிய மொழி. 'ஹெர்ன் ஐயாவின் பேச்சு' என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அந்த மொழியில் செட்சு இரவுகளில் கதை சொல்வார். விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டுப் பேய்க் கதை! புத்தகத்தைப் பார்த்து வாசிக்க ஹெர்ன் விடமாட்டாராம். புத்தகத்தை மூடிவிட்டு உன் வார்த்தையில், உன் நினைப்பில் சொல் என்பாராம். அந்தக் கதைகளைத்தான் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'க்வைதான்' என்ற புகழ்பெற்ற புத்தகம் 1904-இல் வந்தது. பனிப்பெண், தலை தனியே பறக்கும் பேய் எல்லாம் அதில் உண்டு. பதினொரு வயதில் பள்ளியை விட்ட அந்தப் பெண் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் இல்லை. 2025-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் செட்சுவின் வாழ்க்கையைத் தழுவிய தொடர் ஒன்று தொடங்கியபோது எனக்குத் தோன்றியது: நூறு ஆண்டு தாமதமானாலும் நல்லதுதான்.

இனி ஒரு கடினமான கணக்கு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கவனியுங்கள். 1893-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அன்றைய சட்டப்படி ஹெர்ன் வெளிநாட்டவராகவே இருந்து இறந்துபோனால், அவர் சேர்த்த பொருள் மனைவிக்கும் மகனுக்கும் சேரும் என்பது நிச்சயமில்லை. சரி, செட்சுவை ஆங்கிலேயக் குடிமகள் ஆக்கிவிடலாமா? அப்படிச் செய்தால் அவர் தாம் பிறந்த ஊரிலேயே அந்நியர் ஆகிவிடுவார். மூன்றாவது வழி, ஹெர்ன் ஜப்பானியர் ஆவது. ஆனால் அக்காலத்தில் ஜப்பானிய அரசு, வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு உள்ளூர் ஆசிரியர்களைவிடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தது. ஜப்பானியர் ஆகிவிட்டால் அந்தச் சம்பளம் எந்த நேரமும் குறையலாம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஹெர்ன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். 1896-இல் ஜப்பானியக் குடிமகன் ஆனார். மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக் கொண்டு கொய்சுமி யாகுமோ ஆனார். யாகுமோ என்றால் எட்டு மேகங்கள். மாட்சுயே இருக்கும் வட்டாரத்தைப் பழைய கவிதைகளில் குறிக்கும் அடைமொழி அது. கிரேக்கத் தீவின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஜப்பானிய ஊரின் பெயரைப் போட்டுக் கொண்டார் என்று சொல்லலாம். அவ்வளவு பாசத்தோடு இருந்தும் ஜப்பானில் அவருக்கு எல்லாம் இனித்துவிடவில்லை. முதலில் தேவலோகம் என்று எழுதியவர், அடுத்துப் போன குமமோட்டோ ஊரைப் பற்றிக் கடிதம் கடிதமாகப் புலம்பியிருக்கிறார். மாட்சுயேயின் பனிக்குளிரும் அவருக்கு ஆகவில்லை.

'க்வைதான்' புத்தகத்தின் முதல் கதை, ஹோய்ச்சி என்ற கண் தெரியாத இசைக் கலைஞனைப் பற்றியது. அதை எழுதிய நாட்களில் ஹெர்ன் இருட்டிய பிறகும் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து அறையிலிருந்து செட்சு, "ஹோய்ச்சி, ஹோய்ச்சி" என்று மெல்லக் கூப்பிடுவார். உள்ளிருந்து இவர், தாம் கண் தெரியாதவன் என்றும், கூப்பிடுவது யார் என்றும் ஹோய்ச்சியாகவே பதில் சொல்வார். பிற்பாடு செட்சு தம் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அதே 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, 54 வயதில், டோக்கியோவில் ஹெர்ன் காலமானார்.

மாட்சுயேயில் அவர் குடியிருந்த வீடும் தோட்டமும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் 1933-இல் திறந்த நினைவுக் காட்சியகம் இருக்கிறது. அவர் எழுதிய மேசை வழக்கமான மேசையைவிட மிகவும் உயரம். காகிதம் கண்ணுக்குக் கிட்டே வரவேண்டும் என்று சொல்லிச் செய்யச் சொன்னது. அவர் வீட்டில் ஒரு சங்கும் வைத்திருந்தார். அறையில் நெருப்பு அணைந்து போனால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சங்கை எடுத்து ஊதுவார். வீடு முழுக்கக் கேட்கும்.